தண்ணீர் பார்த்து வாங்கிய வீடு

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தால் வழியெல்லாம் நகர் பார்க்கலாம். நகர் என்றதும் தெருவிளக்கும் மாடிவீடும் என்று நினைத்து ஏமாறக் கூடாது. ரோட்டோரத்தில் ஒரு வளைவு, வளைவின் மேல் ஒரு சாமி பெயர், உள்ளே வரிசையாக வெள்ளையடித்த கல். அவ்வளவுதான் நகர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கருவேலம் முளைத்துக் கிடக்கும். மனை வாங்கினவர் துபாயிலோ திருப்பூரிலோ இருப்பார். அந்த நகரில் குடியிருக்கிற ஜீவன் என்று பார்த்தால் மேய வருகிற வெள்ளாடு மட்டும்தான்.

எல்லாம் ‘வருது’ காலத்தில் முளைத்தவை. பெரிய கம்பெனி வருது, ரிங் ரோடு வருது, புது பஸ் ஸ்டாண்டு வருது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒவ்வொரு ‘வருது’க்கும் விலை ஒரு படி ஏறியது. ஒன்றும் வரவில்லை. வராததற்காக விலை இறங்கியதா என்றால், ஒரு மாதம் இறங்கும், மறு மாதம் எவனாவது புதிதாக ஒரு ‘வருது’ கிளப்பிவிடுவான், மறுபடி ஏறும். வாங்கினவன் விற்க முடியாமல் முழிக்கிறான். வாங்காதவன் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று காத்திருக்கிறான். இந்த இரண்டு பேரையும் நம்பிப் புரோக்கர்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

வெற்றிச்செல்வி இந்தப் பஸ்ஸில்தான் தினமும் போய்வந்தாள். பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. குடியிருப்பது அரியலூரில், வாடகை வீட்டில். புருஷன் அறிவரசன் அந்தப் பக்கத்துச் சிமென்ட் ஆலை ஒன்றில் பிட்டர். மகள் ஜோதி ஒன்பதாம் வகுப்பு. இவர்களுக்குச் சொந்த வீடு இல்லாததற்குப் பணம் மட்டும் காரணமில்லை. அறிவரசனும் ஒரு காரணம். விலை இறங்கும், இறங்கும் என்று ஜோதி பால்குடி மறந்த நாளிலிருந்து அவன் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு தடவை நிஜமாகவே இறங்கியது. அப்போதாவது வாங்கினானா? இன்னும் இறங்கும் என்றான். ஆற்று வெள்ளம் வடிந்த பிறகு கடக்கலாம் என்று கரையில் உட்கார்ந்திருந்தவன் கதைதான்.

சொந்த வீடு இருப்பவனுக்கு ஒரு வீடு, வாடகைக்காரனுக்கு ஆயிரம் வீடு என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். சொல்கிறவர்கள் எல்லாரும் சொந்த வீட்டுக்காரர்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் அரியலூரில் முதலில் கேட்பது முன்பணம் இல்லை. “சொந்த ஊரு எதுங்க?” என்பார்கள். தா.பழூர் பக்கம் என்பாள் வெற்றிச்செல்வி. “அங்க எந்தத் தெரு?” என்று அடுத்த கேள்வி வரும். தா.பழூர்த் தெருக்களை இவர்கள் என்ன கூட்டிப் பெருக்கவா போகிறார்கள்? தெருவைக் கேட்டால் சாதி தெரிந்துவிடும், வாயைத் திறந்து சாதி கேட்ட பாவமும் வராது. அப்படி ஒரு நாகரிகம். காலனித் தெரு என்று உண்மையைச் சொன்ன இடத்தில் எல்லாம் வீடு ஏற்கனவே யாருக்கோ பேசி முடிந்திருந்தது. மழுப்பிச் சொன்ன இடங்களில் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தார்கள். பிறகு ஊரிலிருந்து மாமன் மச்சான் யாராவது விசேஷத்துக்கு வந்து போவார்கள். மறு வாரமே வீட்டுக்காரருக்கு வீட்டில் மராமத்து வேலை வந்துவிடும்.

கடைசி வீட்டுக்காரர் கொஞ்சம் வசதியானவர். தன் மகன் சிங்கப்பூரிலிருந்து வருவதாகச் சொல்லித் தை பிறப்பதற்குள் காலி பண்ணச் சொன்னார். அந்த மகன் இன்றைக்கு வரைக்கும் அங்கே விமானம் ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

அன்றைக்குத்தான் ஜோதி கேட்டாள், இனிப் போகிற வீட்டில் யாராவது தெருவைக் கேட்டால் நான் என்ன சொல்லட்டும் என்று. வெற்றிச்செல்வி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே, “தா.பழூர்னு மட்டும் சொல்லு. தெருவெல்லாம் சொல்ல வேணாம்” என்றாள். பிள்ளை சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டது. சொன்ன வாய்க்குத்தான் ஆறவில்லை. தான் பெற்ற பிள்ளைக்குத் தானே பொய் சொல்லப் பழக்குகிறோமே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளை யாரும் எந்தத் தெரு என்று கேட்க முடியாத ஒரு சொந்த வீட்டில் தை மாதப் பொங்கல் வைப்பது என்று அன்றே முடிவு பண்ணினாள். விலை இறங்கட்டும் என்று வாயெடுத்த அறிவரசனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் எடுத்த வாயை மூடிக்கொண்டான்.

புரோக்கர் பெயர் முத்துவேல். கையில் இரண்டு போன். இரண்டும் அடிக்காது, அடித்தது போல அவனே காதில் வைத்துப் பேசுவான். வெற்றிச்செல்வியைச் சிஸ்டர், சிஸ்டர் என்று உருகினான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத மாதிரி, நீங்க வாடகை வூட்டுல கஷ்டப்படறதப் பார்த்தா எனக்குத் தூக்கமே வரலை என்றான். அவனிடம் அவள் ஒரே ஒரு கண்டிப்புச் சொன்னாள். எங்கே வேண்டுமானாலும் காட்டு, காலனிப் பக்கம் மட்டும் காட்டாதே.

இதைச் சொன்னவளும் காலனியில் பிறந்தவள்தான். படித்து, வேலை வாங்கி, அங்கிருந்து வெளியே வந்ததை அவள் ஒரு பெரிய கோட்டைத் தாண்டியதாக நினைத்திருந்தாள். திரும்பி அங்கேயே போய் விழவா இத்தனை பாடு என்பது அவள் கணக்கு. அடுத்தவர் தெருவைக் கேட்டால் கோபம் வருகிறது, தானும் தெரு பார்த்துத்தான் கழிக்கிறோம் என்பது மட்டும் அப்போது உறைக்கவில்லை.

வீடு பார்க்கப் போகும்போது மற்றவர்கள் வாஸ்து பார்ப்பார்கள், பத்திரம் பார்ப்பார்கள். வெற்றிச்செல்வி பையில் ஒரு காலி பாட்டில் கொண்டுபோவாள். போகிற வீட்டில் குழாயைத் திறந்து பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து, அந்தத் தண்ணீரில் ஒரு கை துவரம்பருப்பு வேக வைப்பாள். அரியலூர் சுண்ணாம்புப் பாறை மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். வாடகைக்கு இருந்த வீடுகளில் எல்லாம் போர்த் தண்ணீர்தான். பாத்திரத்தில் வெள்ளை படியும், சோப்பு நுரைக்காது, குக்கர் தொண்டை வற்றக் கத்தினாலும் பருப்பு கல்லாகவே கிடக்கும். “செவுத்துக்குப் பூச்சு பூசலாம், தண்ணிக்குப் பூச முடியுமா?” என்பது அவள் கட்சி. அறிவரசன் தலையில் அடித்துக்கொள்வான். ஆனால் பருப்பு வேகாத அன்றைக்கு முதலில் முகம் சுளிக்கிறவனும் அவன்தான்.

முதலில் முத்துவேல் காட்டிய வீடு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் பக்கம். புதுப் பெயின்ட் மூக்கைத் துளைத்தது. சுவரெல்லாம் சாமி படம். ஒரு படம் முழங்கால் உயரத்தில் மாட்டியிருந்தது. முருகனை யாராவது முழங்கால் உயரத்தில் மாட்டுவார்களா? வெற்றிச்செல்வி படத்தை மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள். பின்னால் கை நுழைகிற அகலத்துக்கு விரிசல். அதைப் பற்றிக் கேட்பதற்குள் சுரங்கத்தில் வெடி வைத்துவிட்டார்கள். அடுக்களையில் தட்டெல்லாம் கிடுகிடுவென்று ஆடியது. வீட்டுக்காரம்மா அசராமல், லாரி போகுது என்றாள். அந்தத் தெருவில் லாரி நுழைய வழியே கிடையாது.

அடுத்தது சிமென்ட் ஆலைத் தூசி காற்றோடு வந்து இறங்கும் திசையில். முற்றத்துத் தென்னை உச்சி முதல் அடி வரை விபூதி பூசிக்கொண்டு நின்றது. அதற்கு அடுத்தது பாடாலூரில், பைபாஸ் ஓரம். இங்கேருந்து சென்னைக்கு நேர் ரோடு சிஸ்டர் என்று முத்துவேல் பெருமையாகக் கை காட்டினான். நான் எதுக்கு சென்னைக்குப் போகப்போறேன், எனக்கு வூட்டுக்குள்ள தூங்கணும் என்றாள் அவள். குழாயைத் திறந்தால் மோட்டார் இருமியது, சேறு வந்தது. இந்த மூன்று வீடுகளுக்கும் சொந்தக்காரர்கள் சொன்ன விலையைக் கேட்டால் தாஜ்மகாலில் பங்கு கொடுப்பார்கள் போல இருந்தது.

கார்த்திகை பிறக்கும்போது முத்துவேல் பெரம்பலூருக்கு வெளியே குபேரலட்சுமி நகரைக் காட்டினான். இந்த நகரில் வெள்ளாடு இல்லை. நிஜமாகவே வீடுகள் இருந்தன, ரோடு இருந்தது, வளைவுக்குப் பக்கத்தில் நகர் நலச் சங்கத்தின் பலகை இருந்தது. டீசன்ட்டான ஆளுங்க சிஸ்டர் என்றான் முத்துவேல். அவன் வாயில் டீசன்ட் என்ற வார்த்தை வருகிறபோதெல்லாம் அவளுக்குச் சந்தேகம் தட்டும். அன்றைக்கும் தட்டியது. ஆனால் வீட்டைப் பார்த்ததும் மறந்துவிட்டாள்.

சின்ன வீடுதான். கிழக்குப் பார்த்த வாசல், காற்றோட்டமான அடுக்களை, ஜோதிக்குத் தனியாக ஓர் அறை. சுவரில் ஒரே ஒரு சாமி படம், அதுவும் இருக்க வேண்டிய உயரத்தில். வீட்டுக்காரர் சிவசுப்பிரமணியன், உடையார்பாளையம் பக்கத்து நிலபுலக்காரர், உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், நகர் நலச் சங்கத்துக்குத் தலைவர். மனைவி ரத்தினம்மாள். மகனோடு கோயம்புத்தூரில் போய் இருக்கப் போகிறோம், அதனால்தான் விற்கிறோம் என்றார்கள். கவர்மென்ட் வேலை, நர்ஸ் என்று முத்துவேல் முதலிலேயே சொல்லி வைத்திருந்ததால் மரியாதைக்குக் குறைவில்லை. அவள் பாட்டிலை எடுத்ததும் சிவசுப்பிரமணியன் மார்பை நிமிர்த்தினார். “தாராளமாப் புடிச்சிக்கம்மா. கொள்ளிடத் தண்ணி. இந்த நகரோட பெருமையே தண்ணிதான்” என்றார்.

வீட்டுக்கு வந்து குக்கரை ஏற்றினாள். நாலாவது விசிலுக்குப் பருப்பு வெண்ணெயாகக் குழைந்துவிட்டது. அடுப்படியில் நின்றபடியே கரண்டியால் மசித்து மசித்துப் பார்த்தாள். அன்றைக்கு அறிவரசன் இரண்டாவது தடவை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். விலை இறங்கும் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வீட்டு அடுக்களையில் எந்த மூலையில் எதை வைப்பது என்று அவள் மனசுக்குள்ளேயே சாமான்களை அடுக்கத் தொடங்கிவிட்டாள். அவ்வளவு ஆசை.

விலை பேசி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியுமாகப் போனார்கள். ரத்தினம்மாள் வாயெல்லாம் பல்லாக வரவேற்றுக் காபி போட உள்ளே போனாள். டிகாக்ஷன் வாசனை கூடம் வரைக்கும் வந்தது. சிவசுப்பிரமணியன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சொந்த ஊர் எது என்றார். தா.பழூர் பக்கம் என்றான் அறிவரசன். அங்கே எனக்கு நிறையப் பேரைத் தெரியும், எந்தத் தெரு என்றார். அறிவரசன் பெண்டாட்டியைப் பார்த்தான். வெற்றிச்செல்விக்கு அன்றைக்கு என்ன தோன்றியதோ, சொந்த வீடு வாங்க வந்த இடத்திலும் மழுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. “காலனித் தெருங்க” என்றாள்.

அப்படியா, நல்லது நல்லது என்றார் அவர். முகம் சிரித்தபடிதான் இருந்தது, கண் மட்டும் வேறு பக்கம் போய்விட்டது. உள்ளே டம்ளர் சத்தம் நின்றது. வாசனை வந்த காபி கடைசி வரைக்கும் வரவில்லை. விலையைப் பற்றிக் கேட்டதற்கு, மகனைக் கலந்துகொண்டு சொல்கிறேன் என்றார். மறுநாள் முத்துவேல் போன் பண்ணினான். வேற பார்ட்டி அட்வான்ஸ் குடுத்துட்டாங்களாம் சிஸ்டர் என்று தொண்டையைச் செருமினான். யார் அந்தப் பார்ட்டி என்று அவள் கேட்டதற்கு, அவனுடைய இன்னொரு போன் அடித்துவிட்டது.

மார்கழி பிறந்ததும் ஒரு நாள் ட்யூட்டி முடிந்து பஸ் ஏறப் போனவளுக்குக் கால் அந்தப் பக்கம் திரும்பியது. அட்வான்ஸ் கொடுத்த மகராசன் யார் என்று பார்த்துவிடுவோம் என்று ஒரு வீம்பு. போய்ப் பார்த்தால் வீட்டு வாசலில் விற்பனைக்கு என்ற பலகை ஆணியடித்த மாதிரி அங்கேயே இருந்தது. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் திரும்பி வந்த வழியே போகத் தோன்றவில்லை. நகரின் பின்பக்கமாக நடந்தாள். அங்கே மதில் சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் உடைப்பு. அதைத் தாண்டி ஒரு மண் பாதை, பாதைக்கு அந்தப் பக்கம் காலனி. முத்துவேலிடம் காட்டாதே என்று அவள் சொல்லி வைத்த அதே மாதிரி இடம்.

முதல் வீட்டுச் சுவரில் ‘இந்த வீடு விற்பனைக்கு’ என்று கரியால் கோணல்மாணலாக எழுதியிருந்தது. வாசலில் வீராயி என்கிற அம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வெற்றிச்செல்விக்கு நாக்கு வறண்டிருந்தது. கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா என்றாள். வீராயி ஊரைக் கேட்கவில்லை, தெருவைக் கேட்கவில்லை, எழுந்துபோய்ச் சொம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். அண்ணாந்து குடித்த வெற்றிச்செல்வி பாதியில் நிறுத்தினாள். எத்தனை வீட்டுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்த நாக்கு அது, அதற்குத் தெரியாதா?

“இங்கயும் கொள்ளிடத் தண்ணி வருதாக்கா?”

வீராயி சிரித்த சிரிப்பில் கீரை முறமே சரிந்துவிட்டது. “கொள்ளிடமாவது? இந்தா பாரு, இந்தக் கெணத்துத் தண்ணி. எங்க ஆளுங்க வெட்டுன கெணறு.” வீட்டை ஒட்டியே இருந்த பொதுக்கிணற்றையும், அதன் மேல் இருந்த மோட்டார்க் கொட்டகையையும் காட்டினாள். அங்கிருந்து ஒரு குழாய் பாதையைக் கடந்து, உடைந்த மதில் வழியாக நகருக்குள் போய்க்கொண்டிருந்தது.

நகரில் போட்ட போர்களில் எல்லாம் சுண்ணாம்புத் தண்ணீர்தான் வந்ததாம். வறட்சி வந்த வருஷம் அதுவும் நின்றுபோனதும், சங்கத் தலைவரே காலனிக்கு வந்து கும்பிட்டு நின்றாராம். தண்ணிதானே, குடிச்சிட்டுப் போறாங்க என்று காலனிக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். பஞ்சாயத்தில் பேசிக் குழாய் போட்டாயிற்று. “ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிட்டாரு. எங்கேருந்து தண்ணி வருதுன்னு வெளிய சொல்ல வேணாம், மனை வெல எறங்கிரும்னாரு” என்றாள் வீராயி. அதைச் சொல்லிவிட்டு அவள் திரும்பக் கீரை உருவத் தொடங்கினாள். வெற்றிச்செல்வி மீதித் தண்ணீரையும் குடித்துவிட்டு, சுவரில் கரியால் எழுதியிருந்ததைத் திரும்ப வாசித்தாள்.

அதற்காக வீராயியின் வீடு அரண்மனை என்று யாரும் நினைக்க வேண்டாம். திருப்பூரில் இருக்கிற மகனிடம் போவதற்காக விற்கிறாள். இரண்டே அறை, ஒரு சுவர் நிறைமாதக்காரி மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது, அடுக்களை மேலே தகரம். வெற்றிச்செல்வி தா.பழூர் என்று தெரிந்ததும் வீராயியும் எந்தத் தெரு என்று கேட்டாள். காலனித் தெருவா, அப்ப நம்ம பூமாலைக்கு நீ என்ன வேணும் என்று உறவு முறை கண்டுபிடித்து, மதினி என்று கட்டிக்கொண்டாள். ஆனால் விலையில் மட்டும் மதினிக்கு ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறுதானே.

பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்து அன்றைக்கும் பருப்பு வேக வைத்தாள். அதே நாலு விசில். சாப்பிட்ட பிறகு விஷயத்தைச் சொன்னதும் அறிவரசன் கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டான். அவனுக்குக் கோபம் வந்து அவள் அதிகம் பார்த்ததில்லை. “காலனியிலயே இருக்கறதுக்கா இவ்வளவு படிச்சோம், இவ்வளவு ஓடுனோம்?” என்றான். அவள் மனசும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தது. கண்ணை மூடினால் இன்னும் அந்தக் கிழக்குப் பார்த்த வாசலும் காற்றோட்டமான அடுக்களையும்தான் வந்தன. வெட்கம் கெட்ட ஆசை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் மறுபடி முத்துவேல் போன் பண்ணினான். வருவதாகச் சொன்ன கம்பெனி இனி வராது என்று பேச்சு அடிபட்டு, பெரம்பலூர் முழுக்க வாங்குகிற ஆள் ஒருத்தரும் இல்லையாம். கோயம்புத்தூரில் மகன் அவசரப்படுத்துகிறானாம். சிவசுப்பிரமணியன் ஐயா விலையைக் குறைக்கிறார், உங்களுக்கே கொடுக்கச் சம்மதம் என்றான். அறிவரசன் முகத்தில் பொங்கல் பொங்கியது. சொன்னேன்ல, எறங்கும்னு சொன்னேன்ல என்று வீடு முழுக்க நடந்தான். வாழ்க்கையில் அவன் சொன்னது பலித்த ஒரே நாள் அது.

போனார்கள். இந்தத் தடவை காபி வந்தது. சிவசுப்பிரமணியனுக்கு எவர்சில்வர் டம்ளரில், வந்தவர்களுக்குக் காகிதக் கப்பில். ரத்தினம்மாள் அதைக் கையில் கொடுக்காமல் ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். அறிவரசன் எடுத்துக் குடித்தான். வெற்றிச்செல்வி தொடவில்லை. விலை படிந்தது. அவள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே படிந்தது. தை பிறப்பதற்குள் பத்திரம் முடித்துவிடலாம் என்றும் பேச்சானது. ஜோதியின் அறைக் கதவு திறந்தே இருந்தது. அதன் வழியாக வெயில் தரையில் விழுந்து கிடந்ததை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் சிவசுப்பிரமணியன் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரே ஒரு விஷயம்மா. நான் அதெல்லாம் பார்க்கிறவன் இல்ல. ஆனா சங்கத்துல மத்தவங்க, தங்க மனைக்கு வெல எறங்கிரும்னு பயப்படுவாங்க. அதனால யாராவது கேட்டா தா.பழூர்னு மட்டும் சொல்லுங்க. தெருவெல்லாம் சொல்ல வேணாம்.”

கீரை ஆய்ந்துகொண்டு வெற்றிச்செல்வி பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைகள். மரியாதைக்கு ஒரு ‘ங்க’ கூடியது தவிர ஓர் எழுத்து மாறவில்லை. அப்போது அதைச் சொன்னது பயந்துபோன ஒரு தாய், இப்போது சொல்வது வீட்டை விற்கிற ஒரு பெரிய மனுஷன். இந்த வீட்டில் குடி வந்தால் ஜோதி பால் வாங்கப் போகும்போதும், கூடப் படிக்கிற பிள்ளை வீட்டுக்கு வரும்போதும், அவள் கல்யாணத்துக்குச் சொந்தபந்தம் வரும்போதும் இந்தப் பொய்யைக் காவல் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். கேள்வி கேட்க முடியாத வீடு வேண்டும் என்று கிளம்பியவள், பதில் சொல்ல முடியாத வீட்டுக்கு விலை பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சரின்னு சொல்லு செல்வி என்று அறிவரசன் அவள் முழங்கையை மெதுவாகத் தொட்டான்.

அவள் எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“தண்ணி எங்கேருந்து வருதுன்னு கேட்டா நீங்க கொள்ளிடம்னு சொல்றீங்க. எந்தத் தெருன்னு கேட்டா நான் தா.பழூர்னு சொல்லணும். இந்த நகர்ல வூடு வாங்குனா ஆளுக்கொரு பொய்யும் சேர்த்து வாங்கணுமாங்க?”

சிவசுப்பிரமணியன் கையில் டம்ளர் அப்படியே நின்றது. அடுக்களை வாசலில் ரத்தினம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். முத்துவேல் அடிக்காத போனை அவசரமாகக் காதில் வைத்தான்.

“காலனிக் கெணறு குழாய் வழியா வந்தா குடிக்கிறீங்க. காலனி ஆளு வாசல் வழியா வந்தாத்தான் வெல எறங்கிடுதா? வெச்சிக்கிங்க உங்க வூட்ட.”

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, வீராயி வூட்டுல தள்ளிக்கிட்டு நிக்கிற அந்தச் செவுத்த இடிச்சித்தான் கட்டணும் என்றான் அறிவரசன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சன்னல் பக்கம் திரும்பி, வழியில் போன வளைவுகளை எல்லாம் வாய்க்குள் திட்டிக்கொண்டே வந்தாள்.

வீராயி கடைசி வரைக்கும் விலையைக் குறைக்கவில்லை. போகிறபோது மதினிக்கு என்று அம்மிக்கல்லை மட்டும் விட்டுப் போனாள், அதைத் திருப்பூருக்குத் தூக்கிப்போக ஆள் கிடைக்காததால். சுவரை இடித்துக் கட்டினார்கள். தகரத்தை மாற்றப் பணம் போதவில்லை, மழை பெய்தால் இன்னும் மத்தளம் அடிக்கிறது. தைப் பொங்கலை அந்த வாசலில்தான் வைத்தாள் வெற்றிச்செல்வி. சொந்தக்காரர்கள் வந்து, இவ்வளவு படிச்சவ திரும்பக் காலனிக்கே வந்துட்டியே என்று அங்கலாய்த்துவிட்டு, பொங்கலை வழித்துச் சாப்பிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் பதில் சொல்ல அவள் மெனக்கெடவில்லை.

சித்திரையில் ஒரு காலை, நகருக்குத் தண்ணீர் தள்ளும் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. கிணற்றடியில் காலனிக்கென்று இருந்த அடிபம்பில்தான் தண்ணீர். நகரிலிருந்து ஒவ்வொருத்தராக மதில் உடைப்பு வழியாகக் குடத்தோடு வந்தார்கள். விற்பனைக்கு என்ற பலகை இன்னும் தொங்குகிற வீட்டிலிருந்து சிவசுப்பிரமணியனும் ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு வந்தார். அடிபம்பில் ஜோதி அடித்துக்கொண்டிருந்தாள். பெரியவர் என்று பார்த்துத் தன் குடத்தை நகர்த்திவிட்டு அவர் குடத்தை வைத்து அவளே அடித்துக் கொடுத்தாள். அவருக்கு அவள் யார் மகள் என்று தெரியாது. நல்ல பிள்ளையாக இருக்கிறாளே என்று மகிழ்ந்துபோய், என்ன படிக்கிறாய் என்று விசாரித்தார். சொன்னாள். பழக்கம் யாரை விட்டது? அடுத்த கேள்வி தானாக வந்துவிட்டது.

“எந்தத் தெரு பாப்பா நீ?”

அடுக்களைச் சன்னலில் நின்றிருந்த வெற்றிச்செல்வி எட்டிப் பார்த்தாள். ஜோதி பம்பை அடிப்பதை நிறுத்தவில்லை.

“இந்தத் தெருதாங்க தாத்தா, காலனித் தெரு. இந்தா, கெணத்துக்குப் பக்கத்து வூடு” என்றாள். பிறகு மரியாதைக்காகத் தானும் கேட்டாள். “நீங்க எந்தத் தெருங்க?”

குடம் நிறைந்து அவர் காலில் வழிந்தது. சிவசுப்பிரமணியன் மதிலைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், சன்னலில் நின்றவளைப் பார்த்தார். குடத்தைத் தூக்கிக்கொண்டு மதில் உடைப்பைப் பார்த்து நடந்தார்.